யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கேளுங்கள்

(சிங்கப்பூரில் தமிழ் வாசகர்களின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் தேக்கா ஈரச்சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எங்கள் புளோக்கில் குடியிருக்கும் அண்ணன் ஒருவர் கைபேசியை என்னிடம் நீட்டினார். அவருக்கு அடுத்த வாரம் பைபாஸ். "தம்பி, இந்த டாக்டருக்கு எச் குறியீடு 40 என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் நல்ல கைதானே?" என்று கேட்டார். மீன்காரர் செதில் சுரண்டி முடிப்பதற்குள் சொல்லிவிடக்கூடிய பதிலா அது? அன்று பாதிதான் சொன்னேன். மீதியைச் சொல்லத்தான் இங்கே வந்திருக்கிறேன்.

எச் குறியீட்டை 2005-இல் கொண்டுவந்தவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவருடைய கட்டுரைகளில் 40 கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது 40 முறை, பிற கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தால் அவருடைய எண் 40. அவ்வளவுதான். கத்தி பிடிக்கும் கையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பத்தே கட்டுரைகள் எழுதியவர், அவற்றில் ஒன்று மருத்துவத்தையே புரட்டிப்போட்டாலும், 10-ஐத் தாண்ட முடியாது.

இதய ஆய்வுகளுக்கு நோயாளிகளைச் சேர்ப்பது என் வேலை. இருபது ஆண்டுகளில் நீளமான கட்டுரைப் பட்டியல்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவற்றின் நீளம் என்னை மலைக்க வைத்ததில்லை. ஆனால் ஒரு பழைய கட்டுரை என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது.

1959-இல் அமெரிக்கன் ஹார்ட் ஜர்னலில் டி. ஜே. தனராஜும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியது அது. இதே சிங்கப்பூரில் நடந்த 9,000-க்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைகளின் பதிவேடுகளை அவர்கள் புரட்டினார்கள். இதய ரத்தக்குழாய் நோய் சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏறத்தாழ 7 மடங்கு இருந்தது. நம் தாத்தாக்கள் துறைமுகத்திலும் நகராட்சியிலும் உடலால் உழைத்த காலம் அது. மாரடைப்பு பணக்காரர்களின் நோய் என்று ஊரே நம்பியிருந்த காலமும் அதுதான். அந்தப் பதிவேடுகளில் ஆளுக்கு ஒரு வரியாக எத்தனை தாத்தாக்கள் கிடந்தார்களோ!

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து லண்டனில் மெக்கீக் என்பவரின் குழு அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டது. தெற்காசியர்கள் குடியேறிய நாடுகளிலெல்லாம் இதே கதை என்று எடுத்துக்காட்டியது. 1991-இல் லான்செட் ஆய்விதழில், வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பையும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமையையும் இதனோடு முடிச்சுப்போட்டது. இன்று டாக்டர் எடையோடு விடாமல் உங்கள் இடுப்பையும் நாடாவால் அளந்தால், அந்த நாடாவின் ஒரு முனை நம்மூர்ப் பிணவறைப் பதிவேட்டில் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். தனராஜ் பிறகு கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதல் டீன் ஆனார். அங்குள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய எச் குறியீடு எவ்வளவு என்று நான் தேடிப் பார்க்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "இந்த ஆய்வு தவறு" என்று எழுதினாலும் கணக்கில் ஒரு மேற்கோள் கூடிவிடும். எலும்பு மஜ்ஜை உயிரணுக்களால் இதயத் தசையை மறுபடி வளர்க்கலாம் என்று 2001-இல் ஒரு கட்டுரை வந்தது. மற்ற ஆய்வகங்கள் செய்து பார்த்து, வளரவில்லை என்று எழுதின. மேற்கோள்களோ குவிந்துகொண்டே போயின. 2018-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் பிரிகாம் மருத்துவமனையும், அந்தத் துறையின் முன்னணி ஆய்வகம் ஒன்றிலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றன. அந்த நம்பிக்கையில் எத்தனை இதய நோயாளிகள் சோதனைகளுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மேற்கோள் காட்டத் தக்க நல்ல ஆய்வுக்கும் ஓர் உதாரணம் தருகிறேன். கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. புகை, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, தொப்பை, மன அழுத்தம் என்று எளிதில் கேட்டும் அளந்தும் அறியக்கூடிய 9 காரணங்களே மாரடைப்பு ஆபத்தில் பெரும்பகுதி என்று அது காட்டியது. ஏறக்குறைய 30,000 பேர் அதற்குத் தகவல் தந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் கட்டுரையில் இருக்காது.

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வு ஒன்றில் சேர்ந்த முதியவர், ஒப்புதல் படிவத்தில் தமிழில் நிதானமாகக் கையெழுத்திட்டார். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டே, "என் பெயர் அந்தப் புத்தகத்தில் வருமா?" என்று கேட்டார். "வராது ஐயா, உங்களுக்கு ஓர் எண் கொடுத்திருக்கிறோம்" என்றேன். சட்டைக் கையை இறக்கிவிட்டு, அந்த எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

சந்தையில் கேட்ட அண்ணனிடம், "இந்த அறுவையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள், எத்தனை பேர் நலமாக வீடு திரும்புகிறார்கள் என்று டாக்டரிடமே கேளுங்கள்" என்றேன். கேட்டிருக்கிறார். டாக்டரும் பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார்.

தனராஜின் கட்டுரையைப் பற்றித் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு எழுதி, வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். தேநீருக்குப் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.