ஈரம் குடிக்கும் இழை

வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஓதம் பற்றி நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. தை மாதம் பெயின்ட் அடித்த சுவர் ஐப்பசி மழைக்குள் பொரிந்து உதிரும், கொத்தனார் வந்து சுரண்டிவிட்டு மறுபடி பூசிவிட்டுப் போவார், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. கடற்காற்றின் உப்பு அந்த ஈரத்தோடு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். விரிசல் வெளியே தெரிவதற்குள் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

உள்ளேயே வைத்து அளப்பதற்குப் பிளாஸ்டிக் இழை உணரிகள் இருக்கின்றன. இன்டர்நெட் வருகிற ஃபைபர் கண்ணாடி. இது பிஎம்எம்ஏ, கடைப் பெயர்ப்பலகைக்கு வெட்டுகிறார்களே அக்ரிலிக், அதே பொருள்தான். அப்பளம் நமுத்துப்போகிற மாதிரி இதுவும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தன் எடையில் சுமார் 2 சதவீதம் வரை. இழுத்தால் இழை கொஞ்சம் பருக்கும், உள்ளே ஒளி போகிற வேகமும் மாறும். இழைக்குள் லேசரால் நுண்ணிய வரிகளை வரிசையாகப் பதித்துவிட்டால், பிராக் கிரேட்டிங் என்பார்கள், உள்ளே அனுப்புகிற ஒளியில் குறிப்பிட்ட ஓர் அலைநீளம், அதாவது ஒரு நிறம், மட்டும் திரும்பி வரும். ஈரம் ஏற ஏற அந்த அலைநீளம் நீளும். எவ்வளவு நீண்டது என்று பார்த்தால் ஈரத்தின் அளவு தெரிந்துவிடும். பிளாஸ்டிக் இழையில் இதை முதலில் பதித்துக் காட்டியவர்கள் 1999-இல் ஆஸ்திரேலியாவில் இருந்த ஆய்வாளர்கள்.

சிக்கல் என்னவென்றால் வெயில் ஏறினாலும் அந்த அலைநீளம் நகரும், அதுவும் எதிர்ப்பக்கமாக. நம்ம ஊர் மே மாதத்தில் புழுக்கமும் வெயிலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கருவி காட்டலாம்! அதனால் ஈரத்தைக் கிட்டத்தட்டக் குடிக்கவே குடிக்காத டோபாஸ் என்ற பிளாஸ்டிக்கில் இன்னொரு இழையைப் பக்கத்தில் வைப்பார்கள். அது வெப்பத்தைச் சொல்லும், அதைக் கழித்தால் மிஞ்சுவது ஈரம்.

உணரும் முனையில் மின்சாரமே கிடையாது, ஒளி மட்டும்தான். மணலி எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்தாலும் பொறி பறக்கும் பயம் இல்லை. துறைமுகத் தூண்களுக்கும் இது பொருந்தும் என்பது என் கணக்கு, உப்புக்குத் துருப்பிடிக்க இதில் உலோகம் இல்லையே. ஈரம் உள்ளே ஊறுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும் என்று குறை சொல்வார்கள், சுவர் நனைவதோ மாசக்கணக்கில், அதற்கு என்ன அவசரம்? விலைதான் தலைவலி. இழை மலிவு, அதைப் படிக்கிற கருவி பல லட்சம்.

அதனால் வீட்டுக்கு இதைத் தேடி அலைய வேண்டாம். ஓதம் காத்த இடத்தில் ஒரு பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ரெண்டு நாள் விடுங்கள். உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, முதலில் குழாயையும் மொட்டைமாடியையும் பாருங்கள். வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொத்தனாரை அப்புறம் கூப்பிடலாம்.