மூளையில் ரத்தக்கசிவு: எந்த அடுக்கில், எந்தக் குழாயிலிருந்து?

[திரை: மண்டையோட்டின் குறுக்குவெட்டு. அடுக்குகள் ஒவ்வொன்றாக நிறம் பெறுகின்றன.]

"மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு" என்று டாக்டர் சொன்னதும் கேட்கிற எல்லோருக்கும் ஒரே நோய்தான் மனதில் வருகிறது. உண்மையில் அந்தச் சொல்லுக்குள் குறைந்தது நான்கு நோய்கள் இருக்கின்றன. ஒன்றில் சரியான நேரத்தில் ஆபரேஷன் நடந்தால் ஆள் நடந்தே வீட்டுக்குப் போகலாம். இன்னொன்றில் ஆபரேஷனால் பெரிய பயன் இருக்காது. எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் போதும். ரத்தம் எந்த அடுக்கில் நிற்கிறது? உடைந்தது எந்தக் குழாய்?

எலும்பின் உள்பக்கத்தில் ஒட்டியிருப்பது டியூரா, தோல் போலக் கெட்டியான உறை. அதற்குக் கீழே சிலந்தி வலை மாதிரி மெல்லிய அரக்னாய்டு. அதற்கும் கீழே, மூளையின் மேடுபள்ளங்களோடு ஒட்டிக் கிடப்பது பயா. அரக்னாய்டுக்கும் பயாவுக்கும் நடுவே மூளைத் தண்டுவட நீர் ஓடுகிறது. மூளை, முதுகுத்தண்டு எல்லாம் சேர்த்தே சுமார் 150 மில்லிதான். மூளைக்குப் போகும் பெரிய தமனிகள் இந்த நீருக்குள்தான் கிடக்கின்றன. பின்னால் அனியூரிசம், அதாவது தமனிச் சுவரில் பை போல வரும் வீக்கம், பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே ரத்தம் சேரும்போது முதலில் இந்த நீர் முதுகுத்தண்டுப் பக்கம் இறங்கி இடம் விடும், பிறகு சிரை ரத்தம் வெளியேறும். அந்த இரண்டும் முடிந்தபின் ஒவ்வொரு மில்லிக்கும் அழுத்தம் கிடுகிடுவென ஏறும். "இப்பதானே நல்லா பேசிட்டிருந்தார்" என்று உறவினர்கள் திகைப்பது அந்த இடத்தில்தான்.

[திரை: நெற்றிப்பொட்டு எலும்பு. உள்பக்கம் ஒரு தமனி துடிக்கிறது.]

டியூராவுக்கு வெளியே, எலும்பை ஒட்டிச் சேர்வது எபிடியூரல் ரத்தக்கட்டு. நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கமாக நடு உறைத் தமனி ஓடுகிறது. அடிபட்டு எலும்பு கீறினால் தமனியும் கிழியும். தமனி ரத்தம் அழுத்தத்தோடு வருவதால் டியூராவை எலும்பிலிருந்து உரித்துக்கொண்டே போகும். எலும்புகள் இணையும் தையல் கோட்டில் டியூரா இறுகப் பிடித்திருப்பதால் கட்டு பொதுவாக அதைத் தாண்டாது. அதனால் சிடி ஸ்கேனில் கண்ணாடி வில்லை போல நடுவில் உப்பித் தெரியும். அடிபட்டவர் மயங்கி, தெளிந்து, சில மணி நேரம் பேசி, மறுபடி மயங்குவது இதற்குப் பேர்போன நடத்தை. ஆனால் எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. அந்தத் தெளிவு வரவில்லை என்பதற்காக இது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கட்டு 30 மில்லியைத் தாண்டினால், நோயாளி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எடுத்துவிடுவதே முறை.

அந்த மில்லியை எப்படி அளக்கிறார்கள்? ஸ்கேனில் கட்டின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுப்பார்கள். 5, 4, 3 என்றால் பெருக்கி வருவது 60, பாதி 30 மில்லி. சட்டென்று போடும் கணக்குதான், ஆனாலும் முடிவெடுக்கப் போதும்.

[திரை: பிறை வடிவ ரத்தக்கட்டு. வெள்ளையிலிருந்து சாம்பலாகி, பிறகு கறுக்கிறது.]

டியூராவுக்கு உள்ளே, அரக்னாய்டுக்கு மேலே சேர்வது சப்டியூரல். இங்கே கிழிவது பெரும்பாலும் மூளையிலிருந்து டியூராவுக்குப் பாலம் போலப் போகும் சிரைகள். வயதாகி மூளை சுருங்கும்போது இந்தச் சிரைகள் இழுபட்டு நிற்கும். குளியலறைக் கதவில் லேசாக இடித்துக்கொண்டது கூடப் போதும். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அதிகம் குடிப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். தையல் கோடு இதைத் தடுக்காது, அதனால் பிறை மாதிரி பரவும். தடிமன் 10 மில்லிமீட்டருக்கு மேல், அல்லது மூளையின் நடுக்கோடு 5 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் புது ரத்தக்கட்டுக்கு ஆபரேஷன்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புது ரத்தம் சிடியில் வெள்ளை. மூன்று வாரம் தாண்டினால் கறுப்பு. இடைப்பட்ட நாட்களில் மூளையின் சாம்பல் நிறமே அதற்கும் இருக்கும், அவசரத்தில் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பிவிடும். மூளையின் மடிப்புகள் ஒரு பக்கம் மட்டும் எலும்பு வரை எட்டாமல் நிற்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். முதியவர் சில வாரங்களாகத் தடுமாறி நடக்கிறார், பேச்சு குழறுகிறது, எல்லோரும் "வயசாச்சு" என்கிறார்கள் என்றால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் நஷ்டமில்லை. பழைய கட்டு எஞ்சின் ஆயில் போல இருக்கும். எலும்பில் துளையிட்டு வடித்து, ஓரிரு நாள் குழாய் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூளைத் திசுவுக்குள்ளேயே கசிவது வேறு கதை. பல வருடம் கட்டுப்படாத ரத்த அழுத்தம் சிறு தமனிகளைச் சிதைத்து, மூளையின் ஆழத்தில் உடைக்கும். வெளியே இருந்து அழுத்துவது இல்லை, திசுவே கிழிந்துவிடுகிறது. அதனால்தான் பல சமயம் ஆபரேஷன் தருவது குறைவு. சிறுமூளைக் கசிவு மட்டும் விதிவிலக்கு; 3 சென்டிமீட்டரைத் தாண்டி மூளைத்தண்டை அழுத்தினால் தாமதிக்கக் கூடாது.

[திரை: மூளையின் அடிப்பக்கம். தமனிகளின் வளையம். ஒரு கிளை முனையில் சிறு வீக்கம்.]

இனி அனியூரிசம். சைக்கிள் டயர் வெட்டுப்பட்ட இடத்தில் டியூப் புடைத்துக்கொண்டு வருமே, கிட்டத்தட்ட அதுதான். தமனி கிளை பிரியும் கவட்டையில் ரத்தம் நேராக வந்து மோதும். மண்டைக்குள் இருக்கும் தமனிகளின் சுவர் உடம்பின் மற்ற தமனிகளைவிட மெல்லியது, வெளிப்புற மீள்படலமும் இல்லை. மோதி மோதி அந்த இடம் பை போலத் தொங்கும். பெரியவர்களில் ஏறக்குறைய 3 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது, பெரும்பாலோருக்கு உடைவதே இல்லை. புகைபிடித்தல், உயர் ரத்த அழுத்தம், நெருங்கிய ரத்த உறவில் இரண்டு பேருக்கு இருப்பது, பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோய் ஆகியவை ஆபத்தைக் கூட்டும்.

உடைந்தால்? தமனி நீருக்குள் கிடக்கிறது என்றோமே, ரத்தம் அந்த நீரில் கலந்து மூளையின் அடியெங்கும் பரவும். சிடியில் நட்சத்திரம் போல ஒரு வெள்ளை உருவம். இதுதான் சப்அரக்னாய்டு கசிவு. அடிபடாமல் வரும் இந்தக் கசிவில் சுமார் 85 சதவீதம் அனியூரிசத்தால்தான்.

அறிகுறி தலைவலி. ஆனால் அது கூடிக்கூடி வருவதில்லை. மண்டையில் யாரோ அடித்த மாதிரி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்விடும். எவ்வளவு வலி என்பதைவிட எவ்வளவு வேகத்தில் வந்தது என்று கேளுங்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், வாய்வழி எதுவும் வேண்டாம். வாந்தியோடு அரைமயக்கம் என்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுத்த நல்ல சிடியில் கசிவு தப்புவது மிக அரிது. தாமதித்தால் நீரில் ரத்தம் கரைந்து, தெரியாமலே போகலாம். அப்போது 12 மணி நேரம் கழித்து முதுகில் ஊசி போட்டு நீர் எடுப்பார்கள். சிவப்பணுக்கள் சிதைந்து நீர் மஞ்சளாக அந்த நேரம் வேண்டும். ஊசி குத்தியதால் வந்த ரத்தம் என்றால் மஞ்சள் இருக்காது.

[திரை: ஒரு கண். இமை சரிந்திருக்கிறது, பாவை பெரிதாக.]

இந்தக் கண்ணைக் கொஞ்சம் பாருங்கள். இமை தொங்குகிறது, பாவை விரிந்திருக்கிறது. மூன்றாம் மண்டை நரம்பு நசுங்கினால் இப்படி ஆகும். நோயாளி மயக்கத்தில் இருந்தால், வீங்கிய மூளை கீழே பிதுங்கி அந்த நரம்பை நசுக்குகிறது என்று பொருள், நிமிடக் கணக்கு. அவர் முழு நினைவோடு "ஒரு வாரமா இமை தூக்க முடியல" என்கிறாரா? பின் இணைப்புத் தமனியில் அனியூரிசம் பெருகி நரம்பைத் தொட்டிருக்கலாம். உடையும் முன்பே பிடிக்க இது அரிய வாய்ப்பு. சொட்டு மருந்தோடு அனுப்பாமல் அன்றே மூளைத் தமனிகளுக்கு ஆஞ்சியோ எடுக்க வேண்டும்.

உடைந்த அனியூரிசம் மறுபடி உடைவது முதல் 24 மணி நேரத்தில்தான் அதிகம். அடைப்பதற்கு இரண்டு வழி. மண்டையைத் திறந்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி பையின் கழுத்தில் கிளிப் போடுவது ஒன்று. வால்டர் டேண்டி 1937இல் வெள்ளிக் கிளிப்பில் தொடங்கியது. தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாய் விட்டு, பைக்குள் பிளாட்டினக் காயில்களைச் சுருட்டி நிரப்புவது மற்றொன்று. முதல் காயில் கூடை கட்டும், அடுத்தவை உள்ளே நிரம்பும். பையின் கொள்ளளவில் காயில் பிடிப்பது கால்வாசி அளவுதான், மீதியை ரத்தம் உறைந்து அடைத்துவிடும். கழுத்து அகலமாக இருந்தால் காயில் வெளியே நழுவும், தமனிக்குள் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் தேவைப்படும். ஸ்டென்ட் போட்டால் ரத்தத் தட்டணுக்களை அடக்கும் மருந்து வேண்டும். இப்போதுதான் ரத்தம் கசிந்தவருக்கு அதைக் கொடுப்பது எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள்.

அடைத்ததோடு முடியவில்லை. ஏறக்குறைய 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை மூளைத் தமனிகள் சுருங்கி, கசிவில் தப்பியவருக்குப் பக்கவாதம் வரலாம். அதற்காக நிமோடிபின் 60 மில்லிகிராம் நான்கு மணிக்கொரு முறை, 21 நாள். வாய்வழி அல்லது மூக்குக் குழாய்வழி. கேப்சூலுக்குள் இருக்கும் திரவ மருந்தை ஊசியில் எடுத்துச் சிரையில் ஏற்றிவிட்ட தவறுகள் உயிரையே எடுத்திருக்கின்றன. பிபி சரிந்தால் 30 மில்லிகிராமாக இரண்டு மணிக்கொரு முறை பிரிப்பார்கள். அடைக்கும்வரை பிபியை இறக்கிப் பிடித்தவர்கள், சுருக்கம் வந்ததும், சுருங்கிய தமனி வழியே ரத்தம் போக, அதே பிபியை ஏற்றுவார்கள். உறவினர்கள் குழம்புவது இங்கேதான்.

நீர் தேங்கினால் மூளையிலிருந்து வெளியே குழாய் வைப்பார்கள். அதன் பூஜ்ய மட்டம், அதாவது உயரத்தை அளக்கத் தொடங்கும் இடம், காதுத் துளைக்கு நேர். கட்டிலை உயர்த்திவிட்டு மட்டத்தை மாற்ற மறந்தால் நீர் மளமளவென வடியும். அனியூரிசம் இன்னும் அடைபடாதவருக்கு, வெளி அழுத்தம் திடீரென்று குறைந்து பை மறுபடி உடையலாம். கட்டிலைத் தொடும் முன் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

[திரை: டிஸ்சார்ஜ் காகிதம். கிளிப்பின் பெயரும் உலோகமும் வட்டமிடப்பட்டுள்ளன.]

கிளிப் போட்டவர் வீட்டுக்குப் போகும்போது இந்த வரியைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும். இன்றைய டைட்டானியம் கிளிப்புகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம். பழைய சில இரும்புக் கலவைக் கிளிப்புகள் காந்தத்தில் திரும்பிவிடும். எது என்று தெரியாவிட்டால் எம்ஆர்ஐ அறைக்குள் விடமாட்டார்கள்.