எண்பது வருடம் நடித்த குர்ட் போய்ஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

குணச்சித்திர நடிகர் என்றதும் நமக்கு முகம்தான் ஞாபகம் வரும், பெயர் வராது. டிவியில் பழைய படம் ஓடும்போது, "இவர் அந்தப் படத்தில் வட்டிக்கடைக்காரராக வந்தாரே, பேர் என்ன?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பதில் கிடைப்பதற்குள் அவர் வந்த காட்சி முடிந்திருக்கும். எனக்கு அப்படிப்பட்ட நடிகர்கள் மேல் தீராத பிரியம். அவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் இன்று பேசப்போகிறேன். பெர்லின்காரர், பெயர் குர்ட் போய்ஸ்.

1901 ஏப்ரலில் பெர்லினில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1907-இல், சினிமாவே பேச ஆரம்பிக்காத காலத்தில், படத்தில் தலைகாட்டிவிட்டார். அடுத்த வருடம் மேடை. லியோ ஃபால் இசையமைத்த ஓர் இசை நாடகத்தில் ஹைனர்லே என்ற சிறுவன் வேடம். அது வேண்டும், இது வேண்டும் என்று பையன் அடம்பிடிப்பான், காசில்லையடா என்று அம்மா பாடுவாள். நம் ஊர்த் திருவிழாவில் பார்க்காத காட்சியா? அவருடைய கடைசிப் படம் 1987. கணக்குப் போட்டுப் பாருங்கள், எண்பது வருடம்!

வளர்ந்த பிறகு பெர்லின் நாடக மேடைகளில் பெயர் பெற்ற சிரிப்பு நடிகர். ஆள் குள்ளம், கண்கள் பெரிது, உடம்பு அவர் சொன்னபடி கேட்கும். 1927-இல் வந்த ஒரு பேசாத படத்தில் பெண் வேடம் கட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தார். இந்தப் பெண் வேடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1933-இல் ஹிட்லர் வந்தார். போய்ஸ் நாட்டை விட்டுக் கிளம்பி, ஊர் ஊராக மாறிக் கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் ஹாலிவுட்டில் இருந்த நேரம், 1940-இல் நாஜிகள் யூதர்களுக்கு எதிராக ஒரு பிரசாரப் படம் எடுத்தார்கள். அதில் யூதர்களின் சீரழிவைப் பாருங்கள் என்று எதைக் காட்டினார்கள் தெரியுமா? அந்தப் பெண் வேடத்தை. ஊரைச் சிரிக்க வைத்த காட்சியை வெட்டி எடுத்து, அவருடைய சனத்துக்கு எதிரான சாட்சியாக ஒட்டினார்கள். ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஹாலிவுட்டில் கிடைத்ததெல்லாம் துண்டு வேடங்கள். 1942-இல் எடுத்த 'காசாபிளாங்கா' உங்களில் பலர் பார்த்த படம், ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடுபவர்கள் வந்து தங்கும் ஓர் ஊரின் கதை. அதில் அவர் பிக்பாக்கெட். பெயர்ப் பட்டியலில்கூட அவர் பெயர் கிடையாது. வெளியூர்த் தம்பதி ஒன்று திறந்தவெளிக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும். தெருவில் போலீஸ் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போகும். போய்ஸ் நெருங்கி வந்து, அகதிகளைப் பிடிக்கிறார்கள் ஐயா, வழக்கமான வேலைதான் என்று விளக்குவார். அப்புறம் அக்கறையாக, இந்த ஊரில் ஜாக்கிரதையாக இருங்கள், எங்கே பார்த்தாலும் கழுகுகள், கழுகுகள் என்பார். சொல்லிக்கொண்டே உரிமையோடு அந்த மனிதரைத் தொடுவார், விடைபெறுவார், போய்விடுவார். அந்த வெளியூர்க்காரரோ சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, பர்ஸை ஓட்டலிலேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறதே என்பார். சந்தேகமே வராது!

எனக்கு இந்தக் காட்சி எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது. பர்ஸ் எப்போது போனது என்று தேடினால் கையில் ஒன்றும் தெரியாது. முகம் முழுக்கக் கரிசனம். இன்னொன்றையும் கவனியுங்கள். அகதிகளைப் பிடிக்கிறார்கள் என்று சொல்லும் நடிகரே அகதி. அந்தப் படத்தில் அவர் மட்டும் இல்லை, பீட்டர் லோரே, கோன்ராட் ஃபைட் என்று ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த நடிகர்கள் பலர். பட்டியலில் பெயரே இல்லாத வேடம்தான், ஆனால் அதில் வெளிவந்தது அவர் ஓடிவந்த பாதை. சின்ன வேடத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

1950-இல் ஜெர்மனிக்குத் திரும்பினார். அங்கே இருந்துதான் 1987-இல் ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸ் எடுத்த படத்தில் ஹோமர் என்ற கிழவரானார். ஊரை இரண்டாகப் பிரித்த பெர்லின் மதில் ஓரம், பொட்டல் காட்டில், போட்ஸ்டாம் சதுக்கம் எங்கே, காணோமே என்று தேடி நடப்பார். இங்கேதானே யோஸ்டி காப்பிக்கடை, இங்கேதானே சுருட்டுக்கடை என்பார். அது நடிகருக்கு வெறும் வசனமாக இருந்திருக்க முடியாது. 1924-இல் போக்குவரத்து விளக்குக் கோபுரம் வைக்கிற அளவுக்கு நெரிசலாக இருந்த இடம் அது. போரும் மதிலும் சேர்ந்து அதைத் துடைத்துப் போட்டிருந்தன. தேடி அலுத்து, யாரோ வீசியெறிந்த ஒரு சோபா நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தேவதூதர், அது ஓட்டோ சாண்டர். இதே சாண்டரும் புரூனோ கான்ஸும் சேர்ந்து 1982-இல் போய்ஸைப் பற்றியும் பெர்ன்ஹார்ட் மினெட்டி என்ற மூத்த நடிகரைப் பற்றியும் ஓர் ஆவணப்படமே எடுத்திருந்தார்கள். இளைய நடிகர்கள் பெரியவர்களுக்குச் செய்த மரியாதை அது. நம் நடிகர்களுக்கும் யாராவது இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வேடத்துக்காக 1988-இல் ஐரோப்பியத் திரைப்பட விருது, சிறந்த துணை நடிகராக. அப்போது வயது 87. மறு வருடம் மதில் இடிந்ததையும் பார்த்துவிட்டு, 1991 கிறிஸ்துமஸ் அன்று காலமானார்.

நேரம் ஆகிவிட்டது என்று எதிரே சைகை காட்டுகிறார்கள். மேடை நடிப்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் நாடக ஆசிரியர் பிரெக்ட்டின் நாடகக் குழுவில் புந்திலா என்ற பண்ணையாராக நடித்தார். குடித்தால் தங்கமான மனுஷன், போதை தெளிந்தால் ஈவிரக்கமில்லாத முதலாளி. அந்த நாடகம் படமாகி 1960-இல் வெளிவந்தது. அதிலும் போய்ஸ்தான் புந்திலா, அதாவது கதாநாயகன். எங்காவது கிடைத்தால் தவறாமல் பாருங்கள். வணக்கம்.