தோலோலிங் மலையில் நாம் இழந்த நான்கு பேர்

வணக்கம் நண்பர்களே. சூலூர் குளத்துக் கரையில் நிற்கிறேன். விமானப்படைத் தளத்தைப் படம் பிடிக்க அனுமதி கிடையாது, அதனால் கேமராவைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பியிருக்கிறேன். மேலே பறக்கிற ஹெலிகாப்டரின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். சூலூர், பல்லடம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தறிச் சத்தம் மாதிரி. காதில் விழும், அண்ணாந்து பார்க்க மாட்டோம். ஆனால் அந்த ஹெலிகாப்டருக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

1999, மே 28. கார்கில் போரில் விமானப்படை இறங்கி மூன்றாவது நாள். முந்தைய நாள்தான் இரண்டு போர் விமானங்களை இழந்திருந்தோம். திராஸ் அருகே தோலோலிங் மலையை எதிரிகள் பிடித்து வைத்திருந்தார்கள். கீழே ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை. நம் ராணுவத்துக்குச் சாப்பாடும் குண்டும் போகிற வழி முழுக்க அவர்கள் கண்ணுக்குக் கீழே. அந்த நிலைகளை ராக்கெட்டால் தாக்க எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் கிளம்பின.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். நாம் ஏறிப் பார்த்த பெரிய உயரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். தோலோலிங் 4,500 மீட்டரைத் தாண்டியது. அங்கே காற்று மெலிந்திருக்கும். விசிறி எவ்வளவு சுழன்றாலும் தூக்கும் விசை குறைவு. ஆயுதமும் ஏற்றிக்கொண்டால் சட்டென்று விலகவும் முடியாது, மேலே எழும்பவும் முடியாது. எதிரியோ தோளில் ஸ்டிங்கர் ஏவுகணையோடு மலையில் நிற்கிறான். அது இன்ஜின் சூட்டைத் தேடி வரும் ஏவுகணை. அதைத் திசைதிருப்ப ஹெலிகாப்டரிலிருந்து சூடாக எரியும் எரிசுடர்களை (ஃபிளேர்) வீசுவார்கள். நுப்ரா என்ற அழைப்புப் பெயரோடு பறந்த அந்த ஹெலிகாப்டரில் எரிசுடர் வசதி இல்லை. இல்லை என்று தெரிந்தும் போனார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

ஏவுகணை தாக்கியது. நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புந்தீர். ஃபிளைட் லெப்டினன்ட் எஸ். முகிலன். சார்ஜென்ட் பி.வி.என்.ஆர். பிரசாத். சார்ஜென்ட் ராஜ் கிஷோர் சாஹு.

நான்கு பெயரையும் நிறுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. முகிலன் என்ற தமிழ்ப் பெயரைக் கேட்டால் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம், அது இயல்பு. அதிகாரிகளான முதல் இருவரின் பெயர் எப்படியும் யார் வாயிலாவது வந்துவிடும். சார்ஜென்ட்கள் 'மற்றும் இருவர்' ஆகிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரே ஹெலிகாப்டர், ஒரே மலை, ஒரே நொடி.

அதன் பிறகு அந்தப் போரில் எம்.ஐ.-17-ஐத் தாக்குதலுக்கு அனுப்பவில்லை. தோலோலிங்கை ஜூன் 13 அன்று நம் தரைப்படை மீட்டது. 2019 மே 28 அன்று, அவர்களுடைய பிரிவு இருக்கும் உத்தரப் பிரதேசத்துச் சர்சாவா விமானப்படைத் தளத்தில், அன்றைய விமானப்படைத் தளபதி பி.எஸ். தனோவாவே எம்.ஐ.-17 ஓட்டி, வரிசையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டுப் பறந்து அஞ்சலி செலுத்தினார்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் விமானப்படையில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணன்மார், ஐயாமார் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். பறக்கும்போது உங்கள் வேலை என்ன, எங்கே உட்காருவீர்கள், விமானியிடம் என்ன சொல்வீர்கள் என்று நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வீடியோ முழுக்க உங்களுக்குத்தான்.