சீமெந்துப் பூச்சுக்குள் தும்பு ஏன் பொடிந்துபோகிறது?

பருத்தித்துறையிலிருந்து ஓர் அண்ணா கேட்டிருக்கிறார்: "கிணற்றடி மதிலில் வெடிப்பு வராமலிருக்கத் தென்னந்தும்பு வலை வைத்துப் பூசினேன். மூன்று வருடத்தில் மீண்டும் வெடித்துவிட்டது. கொத்திப் பார்த்தால் தும்பு கையிலேயே பொடிகிறது. ஈரத்தால் உக்கிவிட்டதா? தார் பூசி வைத்திருக்க வேண்டுமா?"

அண்ணா, ஈரத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். பொச்சுமட்டையை மாதக்கணக்கில் உவர்நீரில் ஊறப்போட்டுத்தானே தும்பு எடுக்கிறார்கள்? அதற்குள் உக்காத நார் உங்கள் மதிலுக்குள் ஏன் உக்க வேண்டும்? தண்ணீரில் அதைக் காப்பாற்றுவது லிக்னின் என்ற பொருள்; தும்பில் அது ஏறத்தாழ 40 சதவீதம். சீமெந்து அந்தக் காவலைத்தான் உடைக்கிறது. சீமெந்து இறுகும்போது சுண்ணாம்பு வெளிவருகிறது. பூச்சுக்குள் தேங்கும் காரநீரின் பிஎச், அதாவது காரத்தைக் காட்டும் அளவு, 12.5ஐத் தாண்டும். அது லிக்னினைக் கரைக்கிறது. கரைந்த இடத்தில் சுண்ணாம்பு புகுந்து படிகிறது. வளைந்து கொடுத்த நார், முறிகிற குச்சியாகிவிடுகிறது. நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் இது கூடும். கிணற்றடி நாள்தோறும் நனையும் இடம் அல்லவா?

ஆகவே சுண்ணாம்பைக் குறைப்பதுதான் முதல் மருந்து. அதற்கு உமிச்சாம்பல் நல்லது. அதிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து அதைத் தீர்த்துவிடும். ஆனால் எல்லாச் சாம்பலும் உதவாது. அதிகச் சூட்டில் எரிந்தால், ஏறத்தாழ 700 பாகை செல்சியசுக்கு மேல் போனால், சிலிக்கா பளிங்காகி மந்தமாகிவிடும். கறுப்பாகக் கரி கலந்ததும் வேண்டாம். சாம்பல் நிறத்தில், மாவாக அரைத்ததாக இருக்க வேண்டும். சீமெந்தில் 30 சதவீதத்துக்குப் பதிலாக அதைச் சேர்த்து, முதலில் ஒரு முழ அகலத்தில் பூசிப் பாருங்கள். சாந்து இறுகச் சற்றுத் தாமதமாகும். பொறுமையாக நீரூற்றிப் பராமரியுங்கள்.

வலையை வாங்கிய கையோடு பூச்சில் வைக்காதீர்கள். நன்னீரில் அலசி உப்பைப் போக்குங்கள். பிறகு பல தடவை ஊறவைத்துக் காயவிடுங்கள். அப்படிப் பழகிய நார் பின்னர் அதிகம் ஊதாது. ஊதாத நார்தான் சாந்தோடு ஒட்டி நிற்கும்.

தார் காரத்தைத் தடுக்கும், ஆனால் சாந்து அதில் பிடிக்காது. பூசுவதானால் மெல்லியதாகப் பூசி, காயுமுன் மணல் தூவிவிடுங்கள். மண்பூச்சுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. அங்கே இந்தக் காரம் இல்லை, கறையானைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இவ்வளவும் பூச்சு வெடிப்புக்கு மட்டும்தான். நிலை, யன்னல் மேல் வரும் லிண்டலிலோ பீமிலோ கம்பிக்குப் பதிலாகத் தும்பு வலையை வைக்காதீர்கள். அங்கே நார் பொடிந்தால் சுவரல்ல, கீழே நிற்கும் ஆள்தான் அடிபடுவார்.