வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் ஓர் அரசுக் கல்லூரி

[காட்சி: காவிரிக் கரை, கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியின் பழைய கட்டடம்]

வணக்கம். 1854-இல் தொடங்கிய கல்லூரி இது. கணித மேதை ராமானுஜன் 1904-இல் உதவித்தொகை பெற்று இங்கேதான் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தவர் மற்ற பாடங்களில் தேறவில்லை. உதவித்தொகை நின்றது. கையில் பணம் இல்லாத குடும்பம். இங்கே அவர் படிப்பைத் தொடர முடியவில்லை.

இன்று தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. தேர்வுக் கட்டணம் மாதிரி சில செலவுகள் உண்டு, அவ்வளவுதான்.

[காட்சி: காலை நேரப் பேருந்து நிலையம், டிபன் பாக்ஸோடு மாணவிகள்]

ஆனால் கட்டணத்தைவிடப் பெரிய விஷயம் தூரம். பிளஸ் டூ முடித்த பெண் "நான் மேலே படிக்கணும்" என்றதும், பல கிராமத்து வீடுகளில் முதலில் வரும் கேள்வி எந்தப் படிப்பு என்பதில்லை. "எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவே?" என்பதுதான். விடுதிக்கு அனுப்ப மனமும் இருக்காது, பணமும் இருக்காது. காலையில் டவுன் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம் என்றால் பேச்சே மாறிவிடும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை. அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸும் உண்டு. வீட்டின் முதல் பட்டதாரி பலர் உருவாவது இந்த பஸ் வசதியால்தான்.

பல கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட். மதிய ஷிப்ட்டில் படிக்கிற பையன் காலையில் ஒரு கடையில் வேலை பார்த்துவிட்டு வகுப்புக்கு வரலாம். வேலைக்குப் போயே ஆகவேண்டிய வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வழி.

[காட்சி: சேர்க்கை உதவி மையம், கணினி முன் ஒரு மாணவி, பக்கத்தில் அம்மா]

சரி, எப்படிச் சேர்வது? விண்ணப்பம் ஆன்லைனில்தான். வீட்டில் கணினி இல்லையென்றால் கல்லூரியிலேயே உதவி மையம் இருக்கும்; மதிப்பெண் பட்டியலையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போனால் போதும், அவர்களே பதிவு செய்ய உதவுவார்கள். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண். அதை வைத்துத் தரவரிசை, அதில் 69 சதவீத இடஒதுக்கீடு.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வங்கிக் கணக்குக்கே வரும். மாணவர்களுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை.

ஒரு குறையைச் சொல்லாமல் விடக்கூடாது. நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் காலியாக இருக்க, பல வகுப்புகளைத் தொகுப்பூதியத்தில் உள்ள கௌரவ விரிவுரையாளர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களுக்கு நிலையான வேலை கிடைக்காதவரை இந்தக் கல்லூரிகளின் பலம் பாதிதான்.

அப்புறம், முதல் கலந்தாய்வில் இடம் கிடைக்கவில்லை என்று தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கி ஓடிவிடாதீர்கள். காலியிடங்களுக்கு அடுத்த கட்டக் கலந்தாய்வு நடக்கும். தேதி கல்லூரி அறிவிப்புப் பலகையில் இருக்கும். போய்ப் பாருங்கள்.