பனி உருகும் நாளை அறியாத பறவைகள்

[காட்சி: சுங்கை பூலோ, மார்ச் மாத இறுதி. கடல் ஏறிவருகிறது, சேற்றுத்திடலை விட்டுப் பறவைக் கூட்டம் கரைக்கு ஒதுங்குகிறது.]

வணக்கம். மார்ச் மாதக் கடைசியில் சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலப் பாதுகாப்புப் பகுதியின் பார்வைக் குடிலில் அமர்ந்து, நீரேற்றத்தால் கரைக்கு ஒதுங்கும் பசிபிக் பொன் உப்புக்கொத்திகளைத் தொலைநோக்கியில் பார்த்தால் ஒரு மாற்றம் புலப்படும். செப்டம்பரில் வந்து இறங்கியபோது பழுப்பும் மங்கிய மஞ்சளுமாக இருந்த பறவைகளின் மார்பிலும் வயிற்றிலும் இப்போது கறுப்பு இறகுகள் திட்டுத்திட்டாக முளைத்திருக்கும். சிலவற்றில் அந்தக் கறுப்பு முகம்வரை ஏறி, அதன் ஓரமாக நெற்றியிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை இறங்கியிருக்கும். இவை இணைசேரும் காலத்துக்கான இறகுகள். தோலுக்கடியில் கொழுப்பும் சேர்ந்துகொண்டிருக்கும். முட்டையிடப்போகும் இடமோ சைபீரியாவின் வடகோடியில் உள்ள துந்திரம் எனப்படும் மரங்களற்ற குளிர்வெளி. அதாவது, அந்தப் பறவையின் இனப்பெருக்கம் சிங்கப்பூரின் சேற்றிலேயே தொடங்கிவிடுகிறது.

காலநிலை மாற்றம் வலசைப் பறவைகளை எப்படித் தாக்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, இங்கிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். ஏனெனில் சிக்கலின் வேர் தொலைவில் இருக்கிறது. சைபீரியாவில் இந்த ஆண்டு பனி முன்கூட்டியே உருகுகிறது என்ற செய்தியை, பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் சேற்றில் புழு தேடிக்கொண்டிருக்கும் பறவைக்கு எதுவும் சொல்வதில்லை.

பிறகு எதை வைத்து அது புறப்படுகிறது? குளிர்நாடுகளில் நீளும் பகல் பொழுதே பறவைகளுக்கு நாட்காட்டி. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் சிங்கப்பூரில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 9 நிமிட வேறுபாடுதான் உண்டு. ஜெர்மானிய ஆய்வாளர் எபர்ஹார்ட் குவின்னர், 12 மணி நேர வெளிச்சம், 12 மணி நேர இருள் என்று ஆண்டு முழுவதும் மாறாமல் வைத்த அறையில் கதிர்க்குருவிகளை வளர்த்துப் பார்த்தார். வெளியுலகின் எந்தக் குறிப்பும் கிடைக்காத நிலையிலும் அவை இறகு உதிர்த்தன. வலசைக் காலம் நெருங்கியதும் இரவில் நிலைகொள்ளாமல் தவித்தன. உடலுக்குள் ஓர் ஆண்டுக் கடிகாரம் இருக்கிறது என்பதற்கு இது வலுவான சான்று. பல தலைமுறைகளின் தேர்வில் அமைந்த கடிகாரம் அது. பனி வழக்கமான காலத்தில் உருகும்வரை அதில் பிழை சொல்ல இடமில்லை.

[காட்சி: ஆசிய வரைபடம். சிங்கப்பூரிலிருந்து வடக்கு நோக்கி நீளும் கோடுகள்.]

நமக்கு வரும் கரைப்பறவைகளில் பல, ஆஸ்திரேலியாவிலிருந்து அலாஸ்காவரை நீளும் கிழக்காசிய–ஆஸ்திரேலேசிய வான்பாதையில் பயணம் செய்பவை. ஆனால் எல்லாம் ஒரே திசையில் போவதில்லை. சிங்கப்பூரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பப்பட்ட பவளக்காலிகளும் வளைந்த அலகுள்ள விம்பிரல்களும் இமயமலையைக் கடந்து பறந்ததையும், பவளக்காலிகள் திபெத்திய பீடபூமியில் கூடு கட்டியதையும் 2020ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இங்கே அலையாத்திக் காட்டின் ஓரத்தில் சிவந்த கால்களோடு மெல்ல நடக்கும் அந்தச் சிறு பறவையைப் பார்த்தால், இமயத்தைத் தாண்டக்கூடியது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இனி துந்திரத்துக்குப் போவோம். பறவைகள் அங்கு இறங்கும் நேரத்தில் நிலத்தின் பெரும்பகுதி இன்னும் பனியால் மூடியிருக்கும். பனி விலகிய திட்டுகளில்தான் இரையும் கூட்டுக்கு இடமும் கிடைக்கும். தெற்கிலிருந்து சுமந்துவந்த கொழுப்பைக் கொண்டே முட்டையை உருவாக்கிவிடலாமே என்று தோன்றலாம். 2001ல் முட்டைகளையும் குஞ்சுகளின் இறகுகளையும் வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்கள், ஆர்க்டிக் கரைப்பறவைகள் துந்திரத்தில் உண்ட இரையிலிருந்தே முட்டையை உருவாக்குகின்றன என்று கண்டார்கள். ஆகவே சில நாள் முன்னதாக வந்து சேர்ந்தாலும், நிலம் பனிக்கடியில் கிடந்தால் பயனில்லை.

தரையில் ஒரு சிறு பள்ளம், அதில் கூர்முனைகள் உள்நோக்கி நெருங்கிக் கிடக்கும் 4 முட்டைகள், மூன்று வாரத்துக்கு முன்பின்னாக அடைகாப்பு. குஞ்சு பொரிந்து ஈரம் உலர்ந்ததும், ஒரு நாளுக்குள் கூட்டைவிட்டு இறங்கி நடந்துவிடும். தாயோ தந்தையோ அதற்கு இரை ஊட்டுவதில்லை. குளிருக்கு இறகுக்கடியில் இடம் கொடுப்பதோடு சரி. நெட்டைக்கால் கொசு போன்ற பூச்சிகளையும் சிலந்திகளையும் குஞ்சே தேடிப் பிடித்து உண்ண வேண்டும். அந்தப் பூச்சிகள் பெருகி நிற்கும் காலமோ மிகக் குறுகியது. பனி சீக்கிரம் உருகினால் பூச்சிகளும் சீக்கிரம் வெளிவந்து, சீக்கிரம் குறைந்துவிடும். பெற்றோர் பழைய நாளிலேயே வந்து முட்டையிட்டிருந்தால், குஞ்சுகள் பந்தி முடிந்தபின் வந்த விருந்தாளிகள்தான்.

1979க்குப் பிந்திய காலத்தில் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் வெப்பமடைந்துள்ளது என்று 2022ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதன் விளைவு பறவையின் உடலிலேயே பதிந்திருப்பதை, சிங்கப்பூருக்கு அரிதாக மட்டுமே வரும் ரெட் நாட் என்னும் உள்ளான் இனத்தில் காணலாம்.

[காட்சி: இரண்டு ரெட் நாட் பறவைகள் அருகருகே, ஒன்றின் அலகு சற்றே குட்டை.]

ரெட் நாட்டின் ஒரு கிளையினம் வட ரஷ்யாவின் தைமிர் தீபகற்பத்தில் முட்டையிட்டு, குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவின் மொரிட்டானியாவில் கழிக்கிறது. செயற்கைக்கோள் படங்களின்படி தைமிரில் பனி உருகும் நாள் 33 ஆண்டுகளில் ஆண்டுக்கு அரை நாள் வீதம், மொத்தத்தில் இரண்டு வாரத்துக்கும் மேல் முன்னே நகர்ந்தது. தெற்கு நோக்கிய முதல் பயணத்தில் போலந்துக் கடற்கரையில் பிடித்து அளக்கப்பட்ட இளம் பறவைகளைப் பார்த்தபோது, பனி முன்கூட்டி உருகிய ஆண்டுகளில் பிறந்தவை உடலில் சிறியனவாகவும் அலகில் குட்டையாகவும் இருந்தன. வளரும் வாரங்களில் போதிய இரை கிடைக்காததே இதற்குக் காரணம் என ஆய்வாளர்கள் கருதினர். ஆனால் தண்டனை கிடைத்த இடம் ஆர்க்டிக் இல்லை. மொரிட்டானியாவின் சேற்றில் அப்பறவைகளுக்கு முக்கிய உணவான சிப்பிகள் ஆழத்தில் புதைந்திருக்கின்றன. நீண்ட அலகு அவற்றை எட்டும், குட்டை அலகு எட்டாது. எட்டாதவை கடற்புல்லின் வேர்த்தண்டைத் தின்று காலம் தள்ள வேண்டியிருந்தது. அவற்றில் பிழைத்தவையும் குறைவு. 2016ல் இந்த முடிவுகள் வெளியாயின. வடக்கே நேர்ந்த பட்டினி தெற்கே மரணமாக முடிவதால், ஒரே இடத்தில் மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவருக்குக் காரணம் பிடிபடாமலே போகலாம்.

காலப் பொருத்தம் தவறுவதை முதலில் தெளிவாக எடுத்துக்காட்டிய ஆய்வுகளுள் ஒன்று நெதர்லாந்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஈப்பிடிப்பான்கள் மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் திரும்புகின்றன. ஓக் மரத்துக் கம்பளிப்புழுக்கள் முந்தி வரத் தொடங்கின. பறவைகள் வந்திறங்கும் நாளோ நகரவில்லை. வந்ததும் ஓய்வைச் சுருக்கிக்கொண்டு விரைவில் முட்டையிட்டன, அதுவும் போதவில்லை. புழுக்கள் மிகவும் முந்திவிட்ட காடுகளில் இருபது ஆண்டுகளில் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய 90 விழுக்காடு சரிந்ததாக 2006ல் அறிவிக்கப்பட்டது. அடுத்து நடந்த சோதனை எனக்கு இன்னும் சுவையானது. நெதர்லாந்துப் பறவைகளைப் பிடித்து, வசந்தம் தாமதமாக வரும் தெற்கு ஸ்வீடனில் கொண்டுபோய் விட்டார்கள். அவை உள்ளூர்ப் பறவைகளுக்கு முன்பே முட்டையிட்டு, அவற்றைவிட நன்றாகக் குஞ்சு வளர்த்தன. கடிகாரம் அதேதான், அதற்குப் பொருந்தும் நிலம் வடக்கே நகர்ந்துவிட்டது.

காட்டுப் பறவைக்கு வடக்கே இன்னொரு காடு இருக்கிறது. துந்திரப் பறவைக்கு வடக்கே கடல்தான். தெற்கிலிருந்து புதர்கள் துந்திரத்துக்குள் ஏறிவருவதால், வெட்டவெளியில் கூடு கட்டும் பறவைகளுக்கு உகந்த நிலம் இரு பக்கமும் குறுகுகிறது.

பனி முந்துவது மட்டுமே ஆபத்து என்றும் எண்ணிவிடக் கூடாது. 2018ல் வடகிழக்கு கிரீன்லாந்தில் பனி அளவுக்கு மீறிப் பெய்து தாமதமாக உருகியதில், அந்த ஆண்டு அங்கே பெரும்பாலான விலங்குகளும் தாவரங்களும் இனப்பெருக்கம் செய்யவே முடியாமல் போயின. கூடுகளைச் சூறையாடும் விலங்குகளின் கதை இதைவிடச் சிக்கலானது: லெம்மிங் என்னும் துந்திர எலிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகும்; அப்போது நரிகள் அவற்றைத் தின்று முட்டைகளை விட்டுவிடும். வெப்பத்தால் பனியின் தன்மை மாறி அந்தப் பெருக்கம் தளர்ந்தால் முட்டைகளுக்கு நெருக்கடி கூடும். ஆர்க்டிக்கில் கூடுகள் சூறையாடப்படுவது பல மடங்கு உயர்ந்துவிட்டதாக 2018ல் ஒரு குழு எழுதியது. அடுத்த ஆண்டே வேறொரு குழு அதே தரவுகளை மறு ஆய்வு செய்து அதை மறுத்தது. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

[காட்சி: மஞ்சள் கடலின் சேற்றுத்திடல்கள், வானிலிருந்து.]

சரி, பறவைகள் சற்று முன்பே கிளம்பினால் என்ன? கிளம்பலாம்; அதற்கு முன்பே கொழுக்க வேண்டும், வழியிலும் உணவு கிடைக்க வேண்டும். நம் வான்பாதையின் முக்கியத் தங்குமிடமான மஞ்சள் கடலில், ஐம்பது ஆண்டுகளில் சேற்றுத்திடல்களின் பரப்பு 65 விழுக்காடுவரை அழிந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டுள்ளது. வணிகத்துக்காகக் கடலைத் தூர்ப்பதைச் சீனா 2018ல் கட்டுப்படுத்தியதும், 2019ல் அக்கரையின் ஒரு பகுதி உலக மரபுடைமைத் தலமானதும் ஓரளவு ஆறுதல். சிங்கப்பூரின் பங்கும் இதே வகையானது. 2002ல் பாதுகாப்புப் பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட சுங்கை பூலோவும், பூங்காவாக்கப்படும் மண்டாய் சேற்றுத்திடலும் ஒன்றையொன்று சார்ந்தவை: நீர் வடிந்ததும் பறவைகள் மண்டாயில் மேயும், நீர் ஏறியதும் சுங்கை பூலோவுக்கு வந்து நிற்கும். ஒன்றை மட்டும் காப்பாற்றினால் பறவை பட்டினியோடு நிற்கும், அல்லது நிற்க இடமின்றி அலையும். கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் மூழ்குவதும் மேயும் திடல்தான்.

வடக்கே அந்த ஆண்டு குஞ்சுகள் எவ்வளவு தேறின என்பதை நாமும் இங்கிருந்தே ஓரளவு கணிக்கலாம். பெரிய பறவைகள் ஜூலை, ஆகஸ்ட் முதலே திரும்பத் தொடங்கும்; இளம் பறவைகள் பெற்றோர் துணையின்றிப் பின்னால் வந்து சேரும். இளம் பறவையின் முதுகு இறகுகள் புதியவை, விளிம்பு சிதையாதவை. பெரியவற்றின் இறகுகள் தேய்ந்து கந்தலாக இருக்கும். அக்டோபரில் ஒரு கூட்டத்தில் எத்தனைக்கு எத்தனை இளம் பறவைகள் என்று எண்ணிப் பதிவு செய்யலாம். ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாக இந்த விகிதத்தைக் கணக்கெடுத்துவருகிறார்கள். ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லெம்மிங்குகள் குறைந்த ஆண்டாகவும் அது இருக்கலாம். பத்து, பதினைந்து ஆண்டுப் பதிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் பனியின் கை எது, நரியின் கை எது என்று பிரித்தறிய வழி பிறக்கும்.